பிழை மட்டும் என்னுடையது

"தம்பி, இது நீங்க எழுதினதுதானா?"

தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரும்பு ஏணிக்குக் கீழே நின்றபடி அக்கா தன் மகனுடைய செல்போனை என்னிடம் நீட்டினார். 2024 மே மாதம். காலை ஒன்பது மணி. ஊருக்குத்தான் அது காலை. அக்காவுக்கு வேலை முடிந்து ஓயும் நேரம். இரவு இரண்டு மணிக்கு அடுப்பு பற்றவைத்தால், விடிவதற்குள் இட்லி அலுமினியப் பாத்திரங்களில் ஏறி, சைக்கிள்களில் மும்பையின் நாலா திசைக்கும் போய்விடும். சைக்கிள்காரர்கள் அமுக்கும் ரப்பர் ஹாரன் சத்தத்தைக் கேட்டே இந்த நகரத்தில் பலரும் இட்லி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

போனைப் பார்த்தேன். மேலே சிவப்புப் பட்டையில் நான் கேள்விப்பட்டிராத ஓர் இணையதளத்தின் பெயர். வலப்பக்கம் ஒரு நடிகை. இடப்பக்கம் சர்க்கரை நோய்க்கு மூலிகை மருந்து. நடுவே அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்காவின் படம். படம் நான் எடுத்தது. அதற்குக் கீழிருந்த வாக்கியங்கள் நான் எழுதியவை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நமது நிருபர்' என்று இருந்தது.

"நான் எழுதினதுதான் அக்கா. ஆனா இது எங்க தளம் இல்லை."

"யாரு தளமோ. நான் 2001-ல பம்பாய்க்கு வந்தேன்னு போட்டிருக்கே! மூத்தவன் பொறந்ததே 95-ல, இங்க சயான் ஆஸ்பத்திரியில. கலவரத்துக்கு முந்தின வருசம் வந்தவ நான். அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேம்லா?"

சொன்னார். நானும் குறித்துக்கொண்டேன். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரத்துக்கு முந்தைய வருடம் என்றால் 1991. என் நோட்டுப் புத்தகத்தில் '91' என்று சுருக்கமாக எழுதியிருந்தேன். ஓடுகிற ரயிலில் எழுதியது. 9-ன் சுழி சரியாக விழவில்லை, கால் தேய்ந்துபோயிருந்தது. 2022 டிசம்பரில் செம்பூரில் என் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தபோது அதை 01 என்று படித்து, 2001 என்று அடித்துவிட்டேன்.

கட்டுரை ஒரு சிறிய தமிழ் இணையதளத்தில் வந்தது. ஐந்தாம் நாள் அக்காவின் மகன் போன் செய்து தவறைச் சொன்னான். அன்றே திருத்தினோம். கட்டுரையின் அடியில், 'முதலில் ஆண்டு தவறாக வெளியாகியிருந்தது, வருந்துகிறோம்' என்று ஒரு குறிப்பும் போட்டோம். அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று பதினேழு மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நான்கு நாட்களுக்குள் கட்டுரை திருடுபோயிருந்தது. திருடியவர் பிழையையும் சேர்த்து எடுத்துப் போயிருந்தார். திருத்தம் என்னிடம் தங்கிவிட்டது.

அன்று இரவு தேடுபொறியில் அக்காவின் பெயரையும் 'தாராவி இட்லி' என்பதையும் சேர்த்து அடித்துப் பார்த்தேன். முதலில் வந்தது சிவப்புப் பட்டைத் தளம். என் கட்டுரை முதல் பக்கத்தில் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது: இவற்றைப் பெரிதும் ஒத்த சில முடிவுகள் விடப்பட்டிருக்கின்றன, வேண்டுமானால் அவற்றையும் சேர்த்துத் தேடலாம். சேர்க்கச் சொன்னேன். அப்போது மேலும் இரண்டு நகல்கள் வெளிவந்தன. அவற்றுக்கும் கீழே என் கட்டுரை. என் கட்டுரைக்கே நான் நகலாகியிருந்தேன்.

திருட்டு எனக்குப் புதிதல்ல. தமிழில் இணையத்துக்கு எழுதுகிற எவரும் இதற்குப் பழகியிருப்பார்கள். சமையல் குறிப்பு, கோயில் வரலாறு, சினிமா பேட்டி, எது எழுதினாலும் மறுநாள் வேறு நாலு இடங்களில் கிடக்கும். எரிச்சல் வரும், பிறகு மறந்துபோகும். இந்த முறை மறக்க முடியாததற்குக் காரணம் அந்த ஆண்டு.

தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியிருந்தது. யாருக்கு எங்கே வீடு என்பதைத் தீர்மானிப்பது வந்து சேர்ந்த தேதி. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பிறகு, 2011 ஜனவரி 1-க்குள் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்ச ரூபாய் கட்டினால் வீடு. 1991-க்கும் 2001-க்கும் நடுவே இருப்பது பத்து வருடம் அல்ல. அக்காவின் அடுப்பு இருக்கும் இடமே அந்த நடுவில்தான் இருக்கிறது. சைக்கிள்கள் விடியலில் கிளம்பிப் போகிற தூரத்தில் வீடு இல்லாவிட்டால் இட்லி வியாபாரம் இல்லை.

இணையக் கட்டுரையை எந்த அதிகாரியும் ஆவணமாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, மின்சார பில், 1976 குடிசைக் கணக்கெடுப்பைத் தொடர்ந்து வழங்கப்பட்ட போட்டோ பாஸ், இவையெல்லாம்தான் இங்கே பேசும். அக்கா தகரப் பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் உறையைக் காட்டினார்.

"கடுதாசி எல்லாம் இருக்கு தம்பி. கடுதாசி பெட்டிக்குள்ள இருக்கு. இது ஊர் பூரா இருக்கே! எதிர் கோலிக்காரன் போன்ல காட்டுதான், 'நீ 2001-லதான வந்தே, பேப்பர்லயே போட்டிருக்கான்'ங்கான். நான் யார் யார்கிட்ட பெட்டியத் தொறந்து காட்ட?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தவறு என் பேனாவிலிருந்து கிளம்பியது. அதைத் திரும்பப் பெறும் அதிகாரம்தான் என் கையை விட்டுப் போயிருந்தது.

இயந்திரம் ஏன் இப்படிச் செய்தது? விசாரித்துப் பார்த்ததில், அதன்மேல் கோபப்பட அதிகம் இல்லை என்று தெரிந்தது. இணையம் பெருகத் தொடங்கியபோதே ஒரே பக்கம் பல இடங்களில் கிடப்பது தேடுபொறிகளுக்குத் தலைவலியாகிவிட்டது. ஆல்டாவிஸ்டா தேடுபொறியை நடத்திய டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆந்த்ரே ப்ரோடரும் சகாக்களும் 1997-ல் ஒரு வழி சொன்னார்கள். ஒரு பக்கத்தின் சொற்களை வரிசையாக, உதாரணத்துக்கு நான்கு நான்காக, வெட்டிக்கொள்வது. முதல் சொல்லிலிருந்து நான்காவது வரை ஒரு துண்டு; இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரை அடுத்தது. ஓட்டு வீட்டுக் கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இரண்டு பக்கங்களுக்குப் பொதுவான துண்டுகள் எத்தனை என்று எண்ணினால், ஒன்று மற்றதன் நகலா என்பது தெரிந்துவிடும்.

ஆக, நகல் என்பதை இயந்திரம் கண்டுபிடித்துவிடுகிறது. யார் அசல் என்பதுதான் அதற்குத் தெரிவதில்லை. ஒத்த பக்கங்களை ஒரு குழுவாகக் கட்டி, ஒன்றைப் பிரதிநிதியாக வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிடுகிறது. இது தண்டனை இல்லை, தேர்வு மட்டுமே என்று நிறுவனங்கள் சொல்கின்றன. தன் தளத்தில் ஒரே பக்கம் பல முகவரிகளில் இருந்தால், இதுதான் மூலம் என்று உரிமையாளரே குறித்துவைக்க ஒரு வசதியை 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்தன. நேர்மையாக மறுபிரசுரம் செய்கிறவர்களுக்கு அது உதவும். திருடுகிறவர் எதற்காக மூலத்தின் முகவரியைக் குறித்துவைக்கப் போகிறார்?

பக்கத்தின் தலையில் இருக்கும் தேதியை யாரும் எப்படியும் மாற்றி எழுதலாம். இயந்திரம் ஒரு பக்கத்தை எப்போது முதலில் பார்த்தது என்பது வேறு கணக்கு. நாளுக்கு நூறு கட்டுரை போடுகிற தளத்துக்கு அது அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கும். வாரத்துக்கு இரண்டு போடுகிற எங்கள் தளத்துக்கு எப்போதாவது வரும். ஒரு தளத்தை எத்தனை பேர் சுட்டிக்காட்டுகிறார்கள் என்பதும் கணக்கில் சேரும். தமிழில் ஒருவரைப் படித்துவிட்டு, இன்னாரிடம் படித்தேன் என்று சுட்டிக்காட்டும் பழக்கம் நம்மிடம் குறைவு. எடுத்துக்கொண்டு போய்விடுவோம். மனிதர்களாகிய நாமே சொல்லாததை இயந்திரம் எங்கிருந்து தெரிந்துகொள்ளும்?

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். அந்தப் படிப்பு மும்பையில் சோறு போட்டதைவிட வேறு விதங்களில்தான் அதிகம் உதவியிருக்கிறது. நூல்களை முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று நன்னூல் பிரிக்கிறது. மொழிபெயர்ப்பை வழி நூலின் வகைகளில் ஒன்றாகத் தொல்காப்பியம் எண்ணுகிறது. இரண்டுக்குமே பிறர் சொன்னதை எடுத்தாள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. முன்னோரின் கருத்தை மட்டுமல்ல, அவர்கள் சொல்லையே அப்படியே போற்றிக்கொள்ளலாம் என்பதுதான் மரபு. ஆனால் ஒரு நிபந்தனை. சிறப்புப் பாயிரத்தில் சொல்லியாக வேண்டியவை என்று நன்னூல் அடுக்குகிற எட்டில் முதலில் நிற்பது ஆக்கியோன் பெயர், அடுத்தது வழி. யார் செய்தது, எதிலிருந்து வந்தது என்ற இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

ஓலைச்சுவடிக் காலத்தில் நகல் எடுப்பது புண்ணியம். எடுக்காவிட்டால் நூல் செல்லரித்துப் போகும். எழுதி முடித்தவர் தன் பெயரையும் முடித்த நாளையும் கடைசி ஏட்டில் குறித்து, பிழை இருந்தால் பொறுத்தருளும்படி கேட்டுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அப்படியும் பிழைகள் ஏடு விட்டு ஏடு தாவின. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஊர் ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்த்தார். சுவடிப் பதிப்பில் ஒரு பாலபாடம் உண்டு: இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவற்றுக்குள் உறவு இருக்கிறது.

அந்தப் பாடம் எனக்கு இப்போது கைகொடுத்தது. மூன்று நகல்களையும் அச்செடுத்து மேஜையில் பரப்பினேன். மூன்றிலும் 2001. ஆக, மூன்றும் என் முதல் நான்கு நாள் வடிவத்திலிருந்து வந்தவை. சிவப்புப் பட்டைத் தளம் மட்டும் தொடக்கத்தில் தன் சொந்தச் சரக்காக ஒரு வாக்கியம் சேர்த்திருந்தது. அதில் 'புளித்த மாவு' என்பது 'புலித்த மாவு' ஆகியிருந்தது. மூன்றாவது நகலிலும் அதே புலி. ஆக, மூன்றாமவர் என்னிடமிருந்து எடுக்கவில்லை, திருடியவரிடமிருந்து திருடியிருக்கிறார்.

பிழையைச் சாட்சிக்கு அழைப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம்தான். அமெரிக்காவில் ஒரு டெலிபோன் நிறுவனம் தன் டைரக்டரியில் கற்பனைப் பெயர்களைக் கலந்து வைத்திருந்தது. அவற்றில் நான்கு போட்டியாளரின் டைரக்டரியிலும் வந்தபோது திருட்டு வெளிப்பட்டது. ஆனாலும் 1991-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பெயரும் எண்ணும் வெறும் தகவல்கள், அவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. என் கட்டுரை டெலிபோன் டைரக்டரி இல்லை என்ற நம்பிக்கையில் வழக்கறிஞர் நண்பர் ஒருவரைப் பார்க்க மாட்டுங்கா போனேன்.

அவர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுத் தமிழர். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காபி வாங்கிக் கொடுத்தபடி சட்டத்தைச் சொன்னார்.

"நீங்க எழுதின நிமிஷமே உரிமை உங்களோடது. பதிவு பண்ணணும்னு அவசியமே இல்லை. 1957 சட்டம், 57-வது பிரிவு. உரிமையை வித்துட்டாக்கூட, 'இதை எழுதினது நான்தான்'னு சொல்ற உரிமை எழுதினவனை விட்டுப் போகாது. தெரிஞ்சே மீறினா ஆறு மாசத்திலேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் சிறை."

"நடைமுறையில்?"

"நடைமுறையில் நோட்டீஸ். 2013 விதிகளில் ஒரு வழி இருக்கு. தளத்தைத் தன் கம்ப்யூட்டரில் வெச்சிருக்கற நிறுவனத்துக்கு முறையா எழுதினா, அவங்களுக்குத் திருப்தின்னா 36 மணி நேரத்துக்குள்ள அதை மறைக்கணும். 21 நாளைக்கு. அதுக்குள்ள கோர்ட் உத்தரவு வாங்கிண்டு வரலைன்னா, திரும்பத் திறந்துடலாம். வெளிநாட்டுக் கம்பெனின்னா அமெரிக்காவோட 1998 சட்டப்படி புகார். அதில உங்க பெயர், முகவரி எல்லாம் தரணும். அது எதிராளி கைக்கும் போகலாம்."

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்டேன். பொய்ப் புகார்களும் வருகின்றன என்றார். அவர் சொன்னதைப் பிறகு படித்துப் பார்த்தேன். எலிமினாலியா என்ற ஸ்பானிய நிறுவனத்தைப் பற்றிப் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் சேர்ந்து 2023 பிப்ரவரியில் வெளியிட்ட புலனாய்வு அது. தன் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்காத செய்திகளை நகலெடுத்து, பழைய தேதி போட்டு வேறு இடத்தில் ஏற்றி, 'இதுதான் அசல், நிருபர் எழுதியது திருட்டு' என்று புகார் கொடுத்துச் செய்திகளை மறைக்க முயன்றிருக்கிறார்கள். நகலை வைத்து அசலையே கழுத்தைப் பிடித்துத் தள்ளும் தொழில்.

"எல்லாத்தையும் தூக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்புங்க. திருத்தச் சொல்லாதீங்க. திருத்தச் சொன்னா நீங்க அனுமதிச்ச மாதிரி ஆயிடும்" என்றார் நண்பர்.

சட்டப்படி அது சரியான யோசனை. ரயிலில் திரும்பும்போதுதான் அதில் உள்ள சிக்கல் உறைத்தது. முதலில் நிற்கும் சிவப்புப் பட்டைத் தளம் நீக்கப்பட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார்? நான் வருவேன் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. குழுவில் அடுத்துப் பெரிய தளம் மூன்றாவது நகல். அதில் தொடர்பு முகவரியே கிடையாது. அதிலும் 2001. நான் என் உரிமையை நிலைநாட்டினால், அக்காவின் ஆண்டு கேட்பாரற்ற ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தது. மாறாக, முதலில் நிற்பவர் ஆண்டை மட்டும் மாற்றினால் தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் 1991 படும். கட்டுரை அவருடையதாகவே கிடக்கும்.

குர்லாவில் வண்டி மாறி செம்பூர் வருவதற்குள் முடிவு செய்தேன். சிவப்புப் பட்டைத் தளத்தில் விளம்பரத்துக்கு என்று ஓர் எண் இருந்தது. கூப்பிட்டேன். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு ஊரிலிருந்து இளைஞர் ஒருவர் எடுத்தார்.

"சார், அது நெட்ல கிடந்தது சார். எல்லாரும் எடுக்கறாங்க."

"எடுத்ததைப் பற்றி இப்போது பேசவில்லை. அதில் ஓர் ஆண்டு தவறு. 2001 இல்லை, 1991. அதை மட்டும் மாற்றுங்கள்."

"நீங்க யாரு சார் அதைச் சொல்ல?"

"அதை எழுதியவன்."

"அதுல உங்க பேரே இல்லையே சார்!"

கிண்டல் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் கேட்டார். பெயரை எடுத்தவரும் அவர்தான், பெயர் இல்லையே என்று கேட்பவரும் அவர்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"அந்தத் தப்பைச் செய்ததே நான்தான். நோட்டில் 91 என்று இருந்ததை 01 என்று படித்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு அதனால் வீட்டு விஷயத்தில் சங்கடம்."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "மாத்திடறேன் சார். ஒரு நாளைக்கு நாப்பது போடணும். எதைப் படிச்சுப் பாக்கறேன்? ஓனர் எண்ணிக்கைதான் கேப்பார்" என்றார். என்ன படித்திருக்கிறார் என்று கேட்டேன். "எம்.ஏ. தமிழ் சார்."

பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டார். புலியையும் புளியாக்கியிருந்தார். என் பெயரைப் போடவில்லை. போட்டால் நகல் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவருடைய எண்ணம்.

அவர்மேல் எனக்கு முழுக் கோபம் வராததற்குக் காரணம் உண்டு. இருபது வருடங்களுக்கு முன் மும்பைக்கு வந்த புதிதில் ஒரு நாளிதழில் மொழிபெயர்ப்பு உதவியாசிரியராக இருந்தேன். மாலையில் ஆங்கிலப் பத்திரிகைகளை மேஜையில் போடுவார்கள். வெயிலில் அலைந்து, போலீஸ் நிலையத்தில் காத்துக்கிடந்து ஒருவர் எழுதியதை நான் மின்விசிறிக்கு அடியில் தமிழாக்குவேன். அவர் பெயரை எடுத்துவிட்டு 'நமது நிருபர்' என்று போடுவேன். அப்படித்தான் எனக்குச் சொல்லித்தரப்பட்டது. அது தவறென்று ஒருநாளும் தோன்றவில்லை. மொழி மாறிவிட்டதே, உழைத்து எழுதினேனே என்று நினைத்தேன்.

முதல் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் ஒரு செய்தி நிறுவனம், போட்டி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் செய்திகளை எடுத்து, சில நேரம் வார்த்தையை மாற்றியும் விற்றது. வழக்கு 1918-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. செய்தி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் விதைக்காத இடத்தில் போட்டியாளர் அறுவடை செய்யக்கூடாது என்ற கருத்தில் தீர்ப்பு அமைந்தது. அதைப் படித்தபோது அந்த மாலை நேர மேஜைதான் நினைவுக்கு வந்தது.

அன்று நான் மொழிபெயர்த்த செய்திகளில் பிழைகள் இருந்திருக்கும். ஆங்கிலப் பத்திரிகை மறுநாள் திருத்தம் வெளியிட்டிருக்கும். அதை நாங்கள் ஒருபோதும் மொழிபெயர்த்ததில்லை. தமிழில் அந்தப் பிழையால் யாருக்காவது சங்கடம் வந்திருந்தால், அவர் யாரிடம் போய்க் கேட்டிருப்பார்? 'நமது நிருபர்' என்று ஒரு ஆள் இல்லை. பெயர் போடுவது எழுதுகிறவனின் பெருமைக்காக என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன். தவறு நேர்ந்தால் ஊரார் வந்து சட்டையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பெயர் அதற்காகவும்தான். அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டதும் அதனால்தான். சிவப்புப் பட்டையை அவர் கூப்பிடவில்லை. அங்கே ஆளே இல்லை.

இரண்டாவது நகலுக்கு நோட்டீஸ் அனுப்பினேன். தளத்திலிருந்து பதில் இல்லை. தேடுபொறி நிறுவனத்துக்குத் தனியாகக் கொடுத்த புகாரில் இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் தேடல் முடிவுகளிலிருந்து நீங்கியது. பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, தேடினால் வருவதில்லை, அவ்வளவுதான். மூன்றாவது நகலுக்கு எதிரான புகாருக்கு மேலும் விவரம் கேட்டார்கள். கொடுத்தேன், மறுபடி கேட்டார்கள். நண்பர் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கச் சொல்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறேன். மூல ஏட்டில் திருத்தினால் ஏற்கெனவே படியெடுத்துப் போன ஏடு திருந்தாது என்பது சுவடிப் பதிப்பாளர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

இதற்கிடையே தேடுபொறிகள் பக்கங்களைக் காட்டுவதோடு நிற்காமல், பல பக்கங்களிலிருந்து தாங்களே ஒரு பதிலைத் தொகுத்து மேலே தரத் தொடங்கிவிட்டன. மூன்று இடத்தில் 2001 என்றும் ஓரிடத்தில் 1991 என்றும் இருந்தால் அப்படித் தொகுக்கும் இயந்திரம் எதை நம்பும்? அதனால்தான் சிவப்புப் பட்டைத் தளத்தில் ஒரே ஓர் எண் மாறியதைக்கூட நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஜூன் மாதம் முதல் மழை விழுந்த பிறகு தாராவிக்குப் போனேன். சயானில் இறங்கி நடந்தேன். சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அக்காவின் கோலியில் அடுப்பை செங்கல் மேல் ஏற்றிவைத்திருந்தார்கள். போனில் தேடிக் காட்டினேன். முதலில் சிவப்புப் பட்டை. அக்கா எழுத்துக்கூட்டி, விரலை வைத்துக்கொண்டு படித்தார். 1991 வந்த இடத்தில் விரல் நின்றது.

"சரியாப் போட்டுட்டான். உங்க பேரு எங்க தம்பி?"

"இல்லை அக்கா."

"ஏன்?"

கதையைச் சொன்னேன். திருடியவனிடமே போய்க் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. தட்டில் நாலு இட்லி வைத்தார். சட்னியை ஊற்றியபடி, "எதிர் கோலிக்காரன்கிட்ட மொதல்ல காட்டணும். உங்க பேரும் இருந்திருந்தா, 'இந்தத் தம்பிதான் எழுதுச்சு, வேணும்னா கேட்டுக்க'ன்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

எங்கள் தளத்தில் உள்ள கட்டுரையின் அடியில் இப்போது இன்னொரு குறிப்பு சேர்த்திருக்கிறோம். இது எந்த நாளில் வெளியானது, எந்த நாளில் எந்தச் சொல் திருத்தப்பட்டது, தவறு யாருடையது, கேட்க வேண்டுமானால் யாரைக் கேட்பது என்ற விவரம். இயந்திரம் அதைப் படிக்கிறதோ இல்லையோ, தேடி வருகிற மனிதர் படிக்கலாம்.

நோட்டுப் புத்தகத்தில் ஆண்டுகளை இப்போது நான்கு இலக்கத்தில் எழுதுகிறேன், ரயில் ஓடிக்கொண்டிருந்தாலும்.